கறுப்புக்கு அடியில்

அந்தக் கறுப்புப் பொம்மைக் காரை அம்மா எதற்காக இத்தனை வருஷம் கழித்துப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்று போன வாரமே அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழைய காரைக் கண்டால் நம் ஆளுக்கு வேறெதுவும் கண்ணில் படாது, அதுதான் உங்களுக்குத் தெரியுமே.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் அவனுக்குப் பொம்மைக்காரன் என்று பெயர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான். மிச்ச நேரமெல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்ன அறையில், யார் யாரோ சிறுவயதில் உருட்டி விளையாடிய உலோகக் கார்களைப் பிரித்துப் போட்டுப் புதுசாக்கிக்கொண்டிருப்பான். வயது நாற்பதைத் தொட்டாயிற்று, இன்னும் பொம்மை என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை.

அப்பா பெயிண்டர். பழைய கார்களை வாங்கி, ஒடுக்கெடுத்து, பெயிண்ட் அடித்து விற்கிற பட்டறை ஒன்றில் ஆயுசைக் கழித்தவர். அந்தப் பட்டறைக்கு ஐம்பது வயதாகிறதாம். இன்றைக்குச் சாயங்காலம் விழா, மேடையில் அப்பாவுக்கு மரியாதை. "அவருக்கு நாமளும் ஒண்ணு குடுக்க வேணாமா? இந்தக் காரைச் சரி பண்ணு, மேடையிலயே குடுத்துடலாம்" என்று அம்மா சொன்னாள். தானும் வருவேன் என்றாள். அதுதான் வீட்டில் எல்லோரையும் தூக்கிவாரிப்போட்டது. பெரியவன் போனதிலிருந்து அம்மா எந்த விசேஷத்துக்கும் வாசல் தாண்டியதில்லை.

பெரியவன், பொம்மைக்காரனின் அண்ணன்; இவன் சின்னவன். பதினேழு வயதில், ஒரு விடியற்காலையில் சைக்கிளில் போனவனை ஏதோ ஒரு வண்டி பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. எந்த வண்டி, ஓட்டியது யார், இன்றுவரை தெரியாது.

காலையிலிருந்தே மழை. பொம்மைக்காரன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்தான். காரின் அடித்தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகளை முன்தினமே துளைத்தெடுத்து, சீட்டு, கண்ணாடி, சக்கரம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தான். கையில் இப்போது வெறும் கூடு மட்டும் இருந்தது.

வேறு கார் என்றால் நேராகப் பெயிண்ட் ரிமூவரில் முக்கிவிடுவான். கொஞ்ச நேரத்தில் தோல் உரிந்து உலோகம் வெளியே வந்துவிடும். இதை அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இதில் இருப்பது கடைப் பெயிண்ட் இல்லை, அப்பாவின் பெயிண்ட்.

அது ஒரு பழக்கம். ஒடுக்கெடுத்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கலரை அப்படியே கலந்தெடுக்க வேண்டும். கலந்ததை மற்ற பெயிண்டர்கள் டின் மூடியில் பூசிப் பார்ப்பார்கள். அப்பா மட்டும் சின்னவனின் பொம்மைக் காரில் பூசிப் பார்ப்பார். மூடி தட்டை, காருக்கு வளைவு உண்டு, வளைவில் பூசினால்தான் கலர் எப்படி விழும் என்று தெரியும் என்பார். காலையில் சாப்பாட்டுப் பையில் பச்சையாகப் போகிற கார் சாயங்காலம் வெள்ளையாகத் திரும்பி வரும். "இன்னைக்கு என்ன கலருப்பா?" என்று சின்னவன் வாசலிலேயே நிற்பான். அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒரு புதுக் கார் வைத்திருந்த ஒரே பையன் அவன்தான்.

பெரியவன் செத்த பிறகு கார் ஒரு தடவை கறுப்பாக வந்தது. அதற்கப்புறம் அப்பா அதில் எந்தக் கலரும் பூசவில்லை. துக்கத்துக்குக் கறுப்பு என்று சின்னவன் நினைத்துக்கொண்டான். அவனும் அதைத் தொடவில்லை.

அதனால் அவன் போட்ட திட்டம் இது. காரின் கூரையில் மட்டும் முட்டை வடிவத்தில் ஓர் இடத்தை மெல்லத் தேய்ப்பது. ஒவ்வொரு கலராகக் கரைந்து, வளையம் வளையமாக அப்பாவின் வேலையெல்லாம் வரிசையாக வெளியே தெரியும். அதன் மேல் வார்னிஷ் அடித்துவிட்டால் அழியாது. மேடையில் அதைப் பார்த்ததும் மனிதர் உடைந்துபோய்விடுவார் என்று நினைத்துப் பார்த்து, தனியாகச் சிரித்துக்கொண்டான். பாவம், அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியில் சுற்றித் தேய்த்தான். கறுப்பு கரைந்து மையாக வழிந்தது. கறுப்புக்கு அடியில் மஞ்சள் வர வேண்டும். கடைசியாகக் கையில் வாங்கி விளையாடியது மஞ்சள் கார் என்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மஞ்சள் வந்தது. ஆனால் நேராக வரவில்லை. கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நூல் அகலத்துக்கு இன்னொரு வளையம் இருந்தது.

துடைத்துவிட்டு பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தான். சாம்பல். சாம்பலுமில்லை. விளக்கைச் சாய்த்தால் ஊதா, நிமிர்த்தினால் லேசாகப் பச்சை. புறாக்கழுத்து.

இந்தக் கலரில் கார் அவன் கைக்கு வந்ததே இல்லை. ஆனால் கலரை அவனுக்குத் தெரியும். சொல்லப்போனால் அந்த வீட்டில் இருக்கிற யாருக்கும் அது மறக்காது.

சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே பெரியவனின் சைக்கிள் நின்றது. பழைய போர்வை ஒன்று போர்த்தியிருக்கும். அம்மா மாதத்துக்கொரு தடவை போர்வையை எடுத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவாள். பின் மட்கார்டில் ஒரு தீற்றல் இருக்கும், இடித்த வண்டியின் பெயிண்ட். அந்த இடத்தில் மட்டும் அவள் துணி படாது. விசாரிக்க வந்தவர்கள் அதில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தக் கலரில் ஊரில் வண்டியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு விசாரணை முடிந்தது.

பொம்மைக்காரன் போர்வையை விலக்கி, ஈரக்கையோடு காரின் கூரையை மட்கார்டுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்தான். தகரத்தின் மேல் மழை காதைப் பிளந்தது. காரில் இருந்த கலர் எது, சைக்கிளில் இருந்த கலர் எது என்று பிரிக்க முடியவில்லை. அப்பா கலந்தால் அப்படித்தான், வித்தியாசம் தெரியாது. பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள்.

அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இங்க என்ன பண்றீங்க, மழையில?" மனைவி கதவருகே நின்றாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அவளும் இன்றைக்கு அரை நாள் லீவு. "மேடை ஏறப் போறது மாமா. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சைக்கிளைத் தொறந்து வெச்சிருக்கீங்க? அத்தை பாத்தா அவ்வளவுதான்." வந்து போர்வையை இழுத்து மூடினாள். "அத்தைக்குச் செருப்பு வாங்கப் போறேன். வெளிய போட்டுக்க அவங்ககிட்ட ஒரு செருப்புகூட இல்ல, தெரியுமா உங்களுக்கு? எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அளவு கேட்டா, மறந்துபோச்சுங்கறாங்க. காகிதத்துல பாதத்தை வரைஞ்சு எடுத்துட்டுப் போறேன்."

அவளிடம் சொல்லியிருக்கலாம். காரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அப்பா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, தின்னரில் நனைத்த துணியால் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் நகத்தைச் சுற்றி எப்போதோ பட்ட பெயிண்ட் போகவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது.

"வாடா. என்னைப் பேசச் சொல்லுவாங்களா? எனக்குப் பேசல்லாம் வராதுடா. ஸ்ப்ரே கன்னைக் குடுத்தா அடிச்சுக் காட்டிட்டு வந்துருவேன்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

பொம்மைக்காரன் எதிரில் உட்கார்ந்தான். காரின் கூட்டைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"அப்பா, என் பழைய காரு ஞாபகம் இருக்கா? கலர் பூசிப் பாப்பீங்களே."

"அது இல்லாம எனக்கு வேலையே ஓடாதே. என் பையில சாப்பாடு இருக்கோ இல்லியோ, அது இருக்கும்." முகம் மலர்ந்தது. பிறகு கை நின்றது. "அதை எதுக்கு இப்ப கேக்கற?"

"அம்மா எடுத்துக் குடுத்தா. சரி பண்ணச் சொல்லி."

"அம்மாவா?"

"ஆமா."

துணியை மடித்துக் கீழே வைத்தார். "சரி பண்ணு. புதுசா ஒரு கோட்டு அடிச்சுக் குடுத்துடு. தேய்க்காதே."

"தேய்ச்சுட்டேன்ப்பா."

அவன் கைக்குட்டையைப் பிரித்தான். அப்பா காரைப் பார்க்கவேயில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமலேயே, "நடுவுல இருக்கறதா?" என்று கேட்டார்.

"புறாக்கழுத்து."

"புறாக்கழுத்துதான்." தலையாட்டினார். "நான் கலந்ததுலயே கஷ்டமான கலர் அது. அன்னைக்குக் காலையில நான் வந்ததும் வராததுமா அந்த வண்டி நின்னுது. முன்பக்கம் ஒடுங்கியிருந்தது, பட்டறை ஆளுங்க யாரோ வெளியூர்லேர்ந்து வாங்கி ஓட்டிட்டு வந்த வண்டின்னாங்க. மாடு குறுக்க வந்துடுச்சுன்னு சொன்னாங்க. கழுவி, பட்டி போட்டு, கலர் கலந்து, உன் கார்ல பூசிப் பாத்து, வண்டிக் கலரோட அப்படியே ஒட்டிச்சு. நானே என்னை மெச்சிக்கிட்டேன்டா. அந்த நேரம் பாத்து ஓடி வந்தாங்க, பெரியவன் இப்படின்னு."

"அப்பத் தெரியாதா உங்களுக்கு?"

"சத்தியமாத் தெரியாது. சைக்கிள் வீட்டுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. மட்கார்டைப் பாத்தேன். நான் கலந்த கலர் எனக்குத் தெரியாதா?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குத் திரும்பிப் போனா, அந்த வண்டி கறுப்பா நிக்குது. யார் அடிச்சாங்கன்னுகூடத் தெரியல. அந்த டின்லயே மிச்சம் இருந்த கறுப்பை எடுத்து உன் கார் மேல பூசிட்டேன். அடுத்த வாரம் வண்டியை வித்துட்டாங்க."

"வெளியூர்லேர்ந்து யார் ஓட்டிட்டு வந்தாங்க?"

"தெரியாது."

"கேக்கலியா நீங்க?"

"கேக்கல."

"ஏன்ப்பா கேக்கல? உங்க புள்ளைப்பா!" அவன் குரல் உயர்ந்தது அவனுக்கே திக்கென்றது. கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டா பதில் வருமே." அப்பா இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "பதில் வந்தா உங்கம்மாகிட்ட சொல்லணும். அந்த வண்டியைக் கழுவினது யார்னு அவ கேப்பா. நான்தானேடா கழுவினேன்? தண்ணி விட்டு, துணி வெச்சு... மாட்டு ரத்தம்னு நினைச்சு..."

பொம்மைக்காரனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர், மேடைக்காக நகத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த கிழவர். கோபம் வந்த வேகத்திலேயே பாவமும் வந்து தொலைத்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் எழுந்து நின்றான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே, சின்னவனே. கறுப்பை அடிச்சுடு. நான் போனப்புறம் என்ன வேணா சொல்லிக்கோ."

அவன் காரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நடந்தான்.

மாடிப்படி அறைக்கு வந்து கறுப்பு டப்பாவைத் திறந்தான். வேறென்ன செய்வான், சொல்லுங்கள்? உண்மை தெரிந்தால் அம்மா இரண்டாவது தடவையாகப் பிள்ளையை இழப்பாள், கூடவே புருஷனையும். மூடினால் சாயங்காலம் எல்லோரும் மேடையைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். அண்ணனை இடித்தவன் கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்து அவனும் கை தட்டுவான். அதை நினைத்ததும் பிரஷ் டப்பாவின் விளிம்பில் தட்டி நின்றுவிட்டது.

கதவு திறந்தது. அம்மா. கையில் டீ. புதுச் செருப்பு காலில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள் போல. டீயை மேஜையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வந்துச்சா?" என்றாள்.

"என்னது?"

"அந்தக் கலரு."

அவன் கைக்குட்டையை எடுத்து அவசரமாகக் காரின் மேல் போட்டான். அம்மா அதை மெதுவாக விலக்கினாள். காரைக் கையில் எடுத்து, விளக்குக்கு அருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள். அழவில்லை. பெருமூச்சுகூட விடவில்லை. நெடுநாள் தேடிய சாமான் கிடைத்துவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு அசதி மட்டும் முகத்தில் வந்தது.

"அப்ப நான் பாத்தது நிஜம்தான்."

"எப்பம்மா பாத்தே?"

"அன்னைக்கேதான். உங்கப்பா பையை யாரோ கொண்டாந்து போட்டாங்க. வீடு பூரா ஜனம். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம, எழுந்து போய் பையிலேர்ந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவினேன். புள்ளை செத்துக் கெடக்கான், நான் டப்பா கழுவறேன். பைக்குள்ள உன் காரு இந்தக் கலர்ல இருந்துச்சு. அப்பறம் சைக்கிள் வந்துச்சு. அப்பறம் சைக்கிள் வந்துச்சு." காரைக் கீழே வைத்தாள். "நான் நிஜமாவே பாத்தேனா, சைக்கிளைப் பாத்துப் பாத்து நானா நெனச்சுக்கிட்டேனா, அதே தெரியல. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லுவாங்களோன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்கல. இதைச் சொரண்டிப் பாக்க எத்தனை தடவை நகத்தை வெச்சிருக்கேன் தெரியுமா? தைரியம் வரல. அதான் உன்கிட்ட குடுத்தேன்."

"அப்பா பாவம்மா. அவருக்கு அன்னைக்குத் தெரியாது. யார் ஓட்டினாங்கன்னு இன்னைக்குமே தெரியாது."

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"நான் கேக்க மாட்டேன். கேட்டா அவர் அப்பவே போய்ச் சேந்துருவாரு. என்கூடவே இத்தனை வருஷம் உக்காந்து சாப்ட்டுட்டு எப்படித்தான் முழுங்கினாரோ, அது வேற." அம்மா கைக்குட்டையை நான்காக மடித்து வைத்தாள். "ஆனா அந்த மேடையில அன்னைக்கு வேலை பாத்தவங்க அத்தனை பேரும் நிப்பாங்க. மொதலாளி, மொதலாளி தம்பி, வண்டி வாங்கறவன், விக்கறவன், எல்லாரும். அந்த வண்டியை ஓட்டினவனுக்கும் இந்தக் கலர் மறந்திருக்காது. கறுப்பா கொண்டுபோனா யாருக்குத் தெரியும்? மொத்தத்தையும் இந்தக் கலர்லயே அடி."

"அம்மா!"

"இதை எடுத்து நான் எல்லார் முன்னாடியும் வெக்கணும். வெச்சுட்டு யார் மூஞ்சி மாறுதுன்னு பாக்கணும். அவ்வளவுதான். நான் வேற ஒண்ணும் பேச மாட்டேன்."

"அப்பா மானம் போயிடும்மா."

"போகட்டும். என் புள்ளை உசுரே போச்சு." டீயை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடப் போகுது, குடி."

அவள் போன பிறகும் அவன் டீயைத் தொடவில்லை. இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் கலர் கலக்க ஒரு காலிக் கிண்ணம். அப்பா கேட்டதைச் செய்யலாம், அம்மா கேட்டதைச் செய்யலாம். இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கும்படி மூன்றாவதாக ஒரு கலர் எந்த டப்பாவிலும் இல்லை. அண்ணன் ஞாபகத்துக்கு வந்தான். சின்னவனின் கார் என்ன கலரில் வந்தாலும், "இதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடாது" என்று கேலி பண்ணுகிற அண்ணன்.

கறுப்பு டப்பாவை மூடினான்.

வெள்ளை, கொஞ்சம் கறுப்பு, குச்சி நுனியில் ஊதா, வெள்ளித் தூள் ஒரு சிட்டிகை. கலந்து டின் மூடியில் பூசிப் பார்த்தான், கூரையில் இருந்த வளையத்தோடு ஒத்துவரவில்லை. மறுபடி கலந்தான். பச்சை ஒரு துளி விட்டதும் பக்கத்தில் வந்தது. ஈரத்தில் பார்த்து ஏமாறாதே, காய்ந்த பிறகு பார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். இந்த வேலையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னதுதான். அதை வைத்தே அப்பாவுக்கு எதிராக உட்கார்ந்து கலந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி கலந்தான்.

மழை நாளில் பெயிண்ட் சீக்கிரம் காயாது. ஈரக் காற்று பட்டால் மேலே பாலாடை மாதிரி வெளுத்துவிடும். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து தூரத்தில் பிடித்துக்கொண்டே மெல்லிசாக அடித்தான். ஒரு கோட்டு, காயவைத்தல், இன்னொரு கோட்டு.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என் தலைக்குக் காட்டறதை உங்க பொம்மைக்குக் காட்டறீங்களா? நல்லாயிருக்கு!" அருகே வந்தவள் காரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சைக்கிளைக் காலையில் போர்வையால் மூடியது அவள்தானே. அவனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டிரையரைத் தன் கையில் வாங்கி, அவன் அடிக்க வசதியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடி, சீட்டு, சக்கரம் எல்லாவற்றையும் பூட்டி, அடித்தகட்டை ஒட்டி, மூடி போட்ட அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து உட்காரவைத்தான். அம்மா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வாடகைக் கார் வந்தபோதும் மழை விடவில்லை. அப்பா முன் சீட்டில், வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்தார். பின்னால் பொம்மைக்காரன், நடுவில் மனைவி, அந்தக் கோடியில் அம்மா. பெட்டி அம்மாவின் மடியில் இருந்தது. தெருவிளக்கெல்லாம் கண்ணாடியில் கரைந்து வழிந்தது.

சிக்னலில் வண்டி நின்றபோது அப்பா திரும்பாமலேயே கேட்டார். "பெயிண்ட் காஞ்சிடுச்சாடா?"

"காஞ்சிடுச்சுப்பா."

"மழையில கறுப்பு சீக்கிரம் காயாதே."

பொம்மைக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பு இல்லீங்க," என்றாள் அம்மா. "உங்களுக்குத் தெரிஞ்ச கலருதான். எனக்கும் அன்னையிலேர்ந்து தெரியும்."

அப்பாவின் பின்தலை மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. சிக்னல் மாறி, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்து, டிரைவர் கியரைப் போட்டுக் கிளப்பினார். பட்டறை இருக்கும் தெரு வரைக்கும் அப்படியே போனார்கள். அப்பா ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்தார், விட்டார். இறங்கி ஓடிவிடுவாரோ என்று பொம்மைக்காரனுக்குப் பயமாக இருந்தது.

பட்டறை வாசலில் சீரியல் விளக்கு. உள்ளே மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வண்டியைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் குடையோடு படியிறங்கினார்கள். "பெரிய பெயிண்டர் வந்தாச்சு!" என்று ஒருவர் உள்ளே பார்த்துக் கத்தினார்.

அப்பா இறங்கினார். மழையில் நனைந்துகொண்டே பின்கதவைத் திறந்து, அம்மாவுக்கு நேராகக் கையை நீட்டினார். நகமெல்லாம் சுத்தமாக இருந்தது.

"அதைக் குடு. நானே எடுத்துட்டு வரேன்."

எடுத்துக்கொண்டு மேடைக்குப் போவாரா, வழியில் சாக்கடையில் போடுவாரா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அழுதிருந்தார், அது மட்டும் தெரிந்தது. குடைக்காரர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவரை ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, ஒரே வீட்டில் ஒன்றாகக் கிடந்து, இந்த ஒன்றை மட்டும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் கழித்த இரண்டு பேர்.

பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். மூடியை மட்டும் கழற்றித் தன்னோடு வைத்துக்கொண்டாள். இனி குடையோடு வருகிறவர்கள் கண்ணிலிருந்து அந்தக் கலரை மறைக்க முடியாது.